ஆளுக்கு ஒரு அடி

என்னை வம்புக்கு இழுக்காமல் ஒரு நாளும் சோறு செரிக்காத என் ரஹ்மத்துக்கு,

ஆம்னி வேனுக்கு நாலு டயரும் புதுசாகப் போட்டாயிற்று. பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்திருக்கிறேன். ஏசி வேலை செய்யவில்லை, அது என்றைக்குச் செய்தது? மார்கழியில் தயாரான வண்டி பங்குனி பிறந்தும் வாசலிலேயே நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன கலா, ஊரு சுத்தப் போவலியா?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? ஒரு ஆட்டம் பாதியில் நிற்கிறது, அது முடியாமல் கிளம்ப முடியாது, அடுத்த அடி ரஹ்மத்துடையது என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஆரம்பிச்சிட்டா பாரு, ஆதியிலேர்ந்து" என்று நீ முணுமுணுப்பாய். முணுமுணுத்துக்கொள்.

உன் வீட்டுக்காரர் பஷீர் அண்ணன் ஷார்ஜாவில் ஒரு ஓட்டலின் விளையாட்டுக் கூடத்தில் மேஜை துடைக்கிற வேலையில் இருந்தவர். ஊருக்குத் திரும்பியதும், செராமிக் எஸ்டேட் பக்கம் எங்கள் யூனிட்டை ஒட்டியிருந்த கோடவுனைப் பிடித்து, மூடிப்போன ஏதோ ஒரு கிளப்பிலிருந்து பூல் மேஜை ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மேலே பச்சைத் துணி, அடியில் கல் பலகை. விருத்தாசலத்தில் பூல் ஹால்! ஊரே வந்து எட்டிப் பார்த்தது. பையன்கள் ஆட வந்தார்கள், வந்த வேகத்தில் ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொண்டார்கள், தெருவில் புகார் கிளம்பியது. அண்ணன் ஹாலை மூடிவிட்டார். மேஜையை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

நாங்கள் பீங்கான் ஃபியூஸ் செய்கிறவர்கள். சூளையிலிருந்து இறங்கும் சரக்கை வைக்கோல் வைத்துப் பெட்டி கட்ட எனக்கு ஒரு பெரிய மேஜை தேவைப்பட்டது. இப்படித்தான் நான் உங்கள் கோடவுனுக்குள் வந்தேன். பேச்சுத்துணைக்கு நீ வந்தாய். ஒரு மத்தியானம் வைக்கோலை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த குச்சியை எடுத்தாய். "ஏய் நாத்தனாரே, இத எப்புடித்தான் அடிக்கிறாங்க, பாத்துடுவமா?" உன் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் நீ எனக்கு வைத்த பட்டம் அது, நாத்தனார். கேலிக்கு வைத்த பெயர், கடைசிவரை நீ என்னை வேறு பெயரில் கூப்பிடவில்லை.

ஆட்டம் சுலபம்தான். வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். ஒருத்திக்கு முழு வண்ணப் பந்துகள், இன்னொருத்திக்குப் பட்டை போட்டவை. தன்னுடையது எல்லாம் விழுந்த பிறகு கறுப்புப் பந்தை யார் தள்ளுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். அண்ணன் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்த சட்டம்தான் நமக்குச் சட்டம். "புகை பிடிக்கக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. ஆளுக்கு ஒரு அடி."

பந்து விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, ஒரு அடிதான். அடித்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும், அடுத்தவள் வருவாள். முதல் வாரமே எனக்குச் சந்தேகம் வந்தது. "கேரம்ல காயி விழுந்தா தொடர்ந்து அடிக்கலாமே ரஹ்மத்து?" என்று கேட்டேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அது பலகை ஆட்டம், இது மேஜை ஆட்டம். சுவத்துல எழுதியிருக்குதே, கண்ணு தெரியலியா?" என்றாய். நானும் நம்பிவிட்டேன்.

எத்தனை வருஷம் ஆடினோம்! சாப்பிட்டுக் கை கழுவியதும் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒருத்தி அடிக்கும்போது இன்னொருத்திக்கு வாய் சும்மா இருக்காது. பிள்ளைகளின் கல்யாணம், சூளையில் வெடித்துப்போன சரக்கு, உன் மாமியாரின் குத்தல், எல்லாம் அந்த மேஜையைச் சுற்றித்தான் பேசி முடித்தோம். நான் கஷ்டமான பந்து ஒன்றைத் தள்ளினால், "குருட்டாம்போக்குல வுழுந்துச்சு, இதுக்குப் போயி மூஞ்சியப் பாரு" என்பாய். ஒரு தடவையாவது நல்லா அடிச்சே என்று சொன்னாயா? எனக்கு அது உள்ளுக்குள் வலித்தது, இப்போது சொல்கிறேன்.

ஊர் சுற்றும் ஆசை உன்னுடைய ஒரு கேள்வியில் பிறந்தது. "ஏண்டி, நீ என்னோட மட்டுந்தான் ஆடியிருக்கே, நான் உன்னோட மட்டுந்தான் ஆடியிருக்கேன். நாம ஆடுறது நெசமாவே ஆட்டந்தானா, இல்ல ரெண்டு பொம்பளைங்க குச்சிய வச்சிக்கிட்டு வூட்டு வேலைக்கு டிமிக்கி குடுக்குறதா? வெளிய போயி நாலு பேரோட ஆடுனாத்தானே தெரியும்?" அந்தக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. ராத்திரி படுத்தால் அதே நினைப்பு.

அதற்கப்புறம் நீ செய்த வேலை இருக்கிறதே! எந்தெந்த ஊரில் பூல் ஹால் இருக்கிறது என்று போனில் தேடித் தேடி, ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, அண்ணனோடு ஷார்ஜாவில் இருந்தபோது கற்றுக்கொண்ட இந்தியில் விசாரித்தாய். லேடீஸ் வரலாமா? வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா? பாத்ரூம் சுத்தமாக இருக்குமா? விசாகப்பட்டினத்தில் ஒருவன் லேடீஸ் கூடாது என்றதற்கு அவனோடு முக்கால் மணி நேரம் வாதாடி, கடைசியில் அவன் வாயாலேயே "வாங்க, அக்கா" என்று சொல்ல வைத்தாயே! நெல்லூர், விஜயவாடா, புவனேஸ்வரம், கொல்கத்தா, சிலிகுரி என்று உன் போன் போய்க்கொண்டே இருந்தது. ஷில்லாங்கில் போனை எடுத்தது ஒரு பெண். ஹாலை நடத்துகிறதே அவள்தான். "பொம்பளையே நடத்துறாளாம்டி! பையனுங்க சண்டை போட்டா காதப் புடிச்சு வெளிய வுட்டுடுவாளாம்டி!" என்று நீ குதித்த குதியில் வைக்கோல் பறந்தது. நம் பயணத்தின் கடைசி ஊர் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "காசிக்குப் போறவங்களப் பாத்திருக்கேன், சபரிமலைக்குப் போறவங்களப் பாத்திருக்கேன். குச்சியத் தூக்கிக்கிட்டு ஷில்லாங்கு போற பொம்பளைங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அப்புறம் அவரே கூட வருகிறேன் என்றார். ஒவ்வொரு ஹாலிலும் ஃபியூஸ் போர்டைத் திறந்து பார்க்க வேண்டுமாம், நம்ம ஊர்ச் சரக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். எந்தக் கடையில் டீ குடித்தாலும் கப்பைக் கவிழ்த்து அடியில் முத்திரை பார்க்கிற ஊர்க்காரர்தானே!

என்றைக்குக் கிளம்புவது என்பதில்தான் நமக்குள் இழுபறி. நான் தை பிறந்ததும் போகலாம் என்றேன். நீ ரம்ஜான் பெருநாள் கழித்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை என்றாய். "தையில கெளம்பி, நடுவுல நோன்பு வந்துடுச்சுன்னா? ஊரு ஊரா பிரியாணிக் கடையப் பாத்துக்கிட்டே எச்சி முழுங்கச் சொல்றியா?" பேசித் தீரவில்லை. ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். ஜெயிக்கிறவள் சொல்கிற நாளில் கிளம்புவது.

அந்த ஆட்டத்தில் என் பந்து எல்லாம் விழுந்துவிட்டது. கடைசிப் பந்தைத் தள்ளிவிட்டு நகர்ந்தேன். எனக்குப் பாக்கி கறுப்பு ஒன்றுதான், அதுவும் மூலைக் குழிக்குப் பக்கத்தில். உனக்கு இன்னும் இரண்டு பந்து இருந்தது. நீ குச்சியை எடுத்தாய், குனிந்தாய், நிமிர்ந்தாய். "இடது கையி ஒரு மாதிரியா இருக்குதுடி. நாளைக்கு அடிக்கிறேன். பந்தத் தொட்டே, கொன்னுடுவேன்." துணியை இழுத்து மேஜையை மூடிவிட்டுப் போனாய்.

மறுநாள் விடியும் முன்பே அண்ணன் போன் செய்தார். ராத்திரியே நீ போய்விட்டாயாம். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து உன்னை எடுத்தார்கள், நாம் வழக்கமாகக் குச்சியை எடுக்கிற நேரம். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் வரக்கூடாது என்றதால் நான் கோடவுன் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போக மனசு வரவில்லை. ஏண்டி, கை ஒரு மாதிரி இருக்கிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டாமா? உன் மேல் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

தையும் போயிற்று, மாசியும் போயிற்று. பெட்டிகளைத் தரையிலேயே வைத்துக் கட்டினோம். அண்ணன் மட்டும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை துணியை எடுத்து, சரக்குக்குத் தூசி தட்டுகிற பிரஷ்ஷால் பந்துகளை அசைக்காமல் சுற்றித் துடைத்துவிட்டு மறுபடி மூடுவார்.

போன மாதம் எங்கள் வீட்டுக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "பாண்டி வரைக்குமாவது போயி ஒரு ஹாலப் பாத்துட்டு வரலாம், வா. பிடிக்கலன்னா இந்தப் பேச்சையே வுட்டுடலாம்." வடலூர், கடலூர் வழியாகப் போனோம். வழி முழுக்க விரல்களை நீவிக்கொண்டே வந்தேன். நீ இல்லாமல் நான் பிடிக்கிற முதல் குச்சி அல்லவா?

மாடியில் இருந்தது ஹால். வரிசையாக மேஜைகள், தலைக்கு மேல் தொங்கும் விளக்குகள். நம் கோடவுன் மாதிரி வைக்கோல் வாசம் இல்லை. ஆட ஆள் இல்லாமல் நின்றிருந்த ஒரு பெண், பெயர் நிவேதா, ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸாம், "ஆடுறீங்களாக்கா?" என்று அவளாகவே கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் அதற்குள் ஃபியூஸ் போர்டைத் தேடிப் போய்விட்டார்.

நான் அடித்தேன். விழுந்தது, ரஹ்மத்து! வேற்று மேஜையில், வேற்றுக் குச்சியில், முதல் அடியிலேயே ஒரு பந்து விழுந்தது. எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு நகர்ந்து நின்றேன். அவளும் நின்றாள். நான் அவளைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க.

"அக்கா, அடிங்க."

"நான்தான் அடிச்சிட்டனேம்மா."

"விழுந்துச்சில்லக்கா? அப்ப திரும்ப நீங்கதான். விழாம போற வரைக்கும் நீங்களே அடிக்கலாம்."

நான் நம்பவில்லை. பக்கத்து மேஜைப் பையனைக் கேட்டேன், கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். உலகம் முழுக்க அப்படித்தானாம். அந்தக் குழப்பத்தில் இரண்டாவது அடியை அந்தரத்தில் விட்டேன். அப்புறம் அவள் ஆடினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவளே தள்ளிக்கொண்டு போனாள். நான் குச்சியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போல நின்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்க்க அவசியமும் இல்லை. தோற்றேன்.

தோற்றது பெரிசில்லை. இந்த ஆட்டத்தில் எதிரே நிற்கிறவள் வேண்டாமே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊரு மாதிரி ஒரு ஆட்டம் ஆடுறியாம்மா?" என்று கேட்டேன். சொல்லிக் கொடுத்தேன். முதலில் அவளுக்குக் கை பரபரத்தது. பந்தைத் தள்ளிவிட்டு நகர வேண்டும் என்றால் சும்மாவா? "என்னக்கா இது அநியாயம்!" என்று சிரித்தாள். ஆனால் நகர்ந்து நின்ற நேரத்தில் பேச ஆரம்பித்தாள். அவள் ஊர் ஸ்ரீமுஷ்ணமாம், நமக்குப் பக்கத்து ஊர்! நைட் டியூட்டி முடிந்து ரூமுக்குப் போனால் பேச ஆளில்லாமல் இங்கே வருகிறாளாம். மூன்று மாதமாக வருகிறவள் யாரிடமும் பெயரைக்கூடச் சொன்னதில்லையாம். ஆட்டத்தின் நடுவே ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "வெள்ளைய இப்புடி ஒளிச்சு வக்கிறீங்களே, எந்தப் பக்கமிருந்தும் அடிக்க வழியில்ல. இது யாருக்கா சொல்லிக்குடுத்தது?" என்றாள். நான் உன்னைச் சொன்னேன். ஒரு அடி அடித்தால் அடுத்தது எதிராளி என்பதால், அவளுக்கு வழி விடாமல் வெள்ளையை ஒளிக்கிற வித்தையை நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கற்றுக்கொண்டிருக்கிறோம், நமக்கே தெரியாமல். அந்த ஆட்டம் நான் ஜெயித்தேன்.

திரும்பி வந்ததும் நேராகப் பஷீர் அண்ணனிடம் போகத்தான் நினைத்தேன். நோன்பு மாதம், பாவம், வாடிப் போயிருந்தார். அதனால் பெருநாள் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அவர் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"அண்ணே, பந்து விழுந்தா தொடர்ந்து அடிக்கணுமாமே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்குமாம்மா? ஷார்ஜாவுல தெனம் பாத்தவன்தானே. பையனுங்க அதுக்குத்தானே சண்ட போட்டானுங்க, ஒருத்தனே ஆடிக்கிட்டுப் போறான்னு. அத நிறுத்தத்தான் ஆளுக்கு ஒரு அடின்னு எழுதுனேன்."

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அவர் பிரஷ்ஷை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவளுக்கு மொதல்லேர்ந்தே தெரியும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நீ எதிரே இருந்திருந்தால் குச்சியாலேயே ஒன்று போட்டிருப்பேன். இடுப்பில் கை வைத்து, பலகை ஆட்டம், மேஜை ஆட்டம் என்று என்னிடம் கதை அளந்தாயே!

"நான் சொல்லிடுன்னுதான் சொன்னேன். அவ கேக்கல. 'கலாவுக்குத் தெரிஞ்சா அவளே எல்லாத்தையும் தள்ளிட்டு ஆட்டத்த முடிச்சிடுவா. அவ கையி அப்புடி. நான் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கணும். இப்புடியே இருக்கட்டும், ரெண்டு பேரும் ஆடலாம்'னா. உன் ஆட்டத்தப் பத்தி வூட்டுல வந்து பேசாத நாள் இல்லம்மா. காது புளிச்சுப் போச்சு."

ரஹ்மத்து, நான் அங்கேயே மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? என் ஆட்டம் ஆட்டந்தானா என்று தெரிந்துகொள்ள நான் ஷில்லாங் வரை போக இருந்தேனே! எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உன்னை இழுத்துவைத்து நாலு கேள்வி கேட்க முடியவில்லையே என்று வயிறும் எரிந்தது.

அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "ஊரு ஒலகத்துச் சட்டப்படி பாத்தா இது இன்னும் உன் மொறதாம்மா. கடைசியா உன் பந்துதானே வுழுந்துச்சு? அடிச்சிடு. எத்தன நாளைக்கு இப்புடியே மூடி மூடி வக்கிறது, என்னால முடியல."

பந்தைத் தொட்டால் கொன்றுவிடுவேன் என்று நீ சொன்னது நினைவு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. குச்சியை எடுத்தேன். கறுப்பு குழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விழுந்தால் நான் ஜெயித்தேன், நாள் குறிப்பது நான். ஆட்டமும் முடிந்துபோகும், அப்புறம் நமக்குள் பாக்கி எதுவும் இருக்காது. வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை, என் பிள்ளைகள் மேல் சத்தியம். நன்றாகக் குறி பார்த்துத்தான் அடித்தேன்.

கறுப்பு விழுந்தது. கொஞ்சம் பலமாக அடித்துவிட்டேன் போல. வெள்ளை நிற்கவில்லை. கறுப்பின் பின்னாலேயே உருண்டு போய், குழியின் வாயில் ஒரு நொடி தயங்கி, அதுவும் விழுந்தது.

கறுப்போடு வெள்ளையும் விழுந்தால் அடித்தவள் தோற்றாள். இது பாண்டியிலும் அப்படித்தான், நம் கோடவுனிலும் அப்படித்தான். எந்தச் சட்டத்தில் பார்த்தாலும் ஜெயித்தது நீதான், ரஹ்மத்து. மேஜையில் உன் பந்து இரண்டு மட்டும் நின்றன.

அண்ணன் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ எந்த நாளு சொன்னா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "பெருநாள் கழிச்சு மொதல் ஞாயித்துக்கிழமையா? அது நாளான்னிக்குத்தானேம்மா."

இன்று சனிக்கிழமை, நாளை காலை கிளம்புகிறோம். அண்ணன் வழிக்குப் புளிச்சோறு கட்டித் தருகிறாராம், நீ செய்கிற மாதிரியே வருமா என்று தெரியாதாம். எங்கள் வீட்டுக்காரர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து இப்போதே பெல்ட் போட்டுப் பார்க்கிறார்.

நெல்லூர்க்காரன் என்ன சொல்வான்? விசாகப்பட்டினத்தில் உன்னை "அக்கா" என்றவன் என்னையும் அப்படிக் கூப்பிடுவானா? பந்தைத் தள்ளிவிட்டு நகர்ந்து நில் என்றால் கொல்கத்தாக்காரர்கள் நிற்பார்களா, சண்டைக்கு வருவார்களா? நின்றால் என்ன பேசுவார்கள்? ஷில்லாங்கில் இருக்கிற அந்தப் பெண் எப்படி இருப்பாள்? உன் குரலை மட்டும் கேட்டவள், நீ எங்கே என்று கேட்டால் எந்தப் பாஷையில் நான் என்ன சொல்வேன்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். ஒவ்வொரு ஹாலிலும் அவர்கள் ஆட்டம் ஒன்று ஆடுவேன், ஜெயித்தாலும் தோற்றாலும். அப்புறம் நம் ஆட்டம் ஒன்று, ஆளுக்கு ஒரு அடி. இது எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டால் விருத்தாசலம் என்பேன். யார் போட்டது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.

உன்னிடம் தோற்று, நீ குறித்த நாளில் புறப்படுகிற,
உன் நாத்தனார்
கலா